சோடா ராஜாவின் மெய்க்காவலன்

பன்னீர் சோடா குடிப்பதென்றால் கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையில்தான் குடிக்க வேண்டும் ஐயா. மற்ற இடங்களில் காற்றும் சர்க்கரையும் இருக்கும், பன்னீர் இருக்காது. அந்தக் கடைக்காரர் பாட்டிலைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் பேசி முடித்ததும் அந்த மனிதரைக் கூப்பிட்டு விசாரிக்க உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். பிள்ளைகுட்டிக்காரர். சோடாவில் ஒரு குறையும் இல்லை.

என் பெயர் தணிகாசலம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நிக்கல் முலாம் பூசும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். வேலை முடிந்த நேரத்தில் உதயதாரகை நாடக மன்றத்தில் மெய்க்காவலன். ராஜாவுக்கு வலப்பக்கம் ஈட்டியோடு நிற்பவன் நான்தான். எளாவூர் பக்கம் பந்தோபஸ்துக்கு வந்தபோது நீங்களே எங்கள் நாடகத்தைப் பார்த்திருக்கிறீர்கள். என்னை ஞாபகம் இருக்காது. அதில் எனக்கு வருத்தமே இல்லை, அந்த வேஷம் அப்படிப்பட்டது.

எங்கள் மன்றம் ஒரே ஒரு நாடகத்தைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடுகிறது. மகுடவர்மன் கதை. பெரியவர்கள் காலத்திலிருந்து ஒரு வரி மாறாமல் வந்த சோக நாடகம். அடைமழையில் ஏரி நிரம்பி நிற்கும்போது யாரோ மதகைத் திறந்துவிடுகிறார்கள். கீழ்ப்பேட்டை மொத்தமும் வெள்ளத்தில் போகிறது. திறக்கச் சொன்னவன் எவனாக இருந்தாலும் நஞ்சு குடித்துச் சாக வேண்டும் என்று மகுடவர்மன் சபையில் சத்தியம் செய்கிறான். விசாரித்துக்கொண்டே போனால், அந்த உத்தரவு அவனுடையதுதான். வேட்டைக்குப் போய் வந்த அசதியில், மந்திரி என்ன கேட்டான் என்றே காதில் வாங்காமல் ‘ஆகட்டும்’ என்று கையை அசைத்திருக்கிறான். சத்தியம் சத்தியம்தானே. நஞ்சுக் கிண்ணத்தை வாங்கிக் குடித்து சபை நடுவே விழுகிறான்.

அதுவரைக்கும் மெய்க்காவலனுக்கு ஒரு வார்த்தை வசனம் கிடையாது. மூக்கில் கொசு உட்கார்ந்தாலும் அசையக் கூடாது. ராஜா விழுந்த பிறகுதான் அவன் ஈட்டியைக் கீழே போடுகிறான். ராஜாவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறான். மொத்த நாடகமும் அந்த ஒப்பாரிக்காகத்தான் எழுதப்பட்டது என்று எங்கள் வாத்தியார் முனுசாமி ஆரம்ப காலத்தில் சொல்லுவார். ஆர்மோனியத்தை அவர்தான் வாசிப்பார். நான் முதல் அடியை எடுத்தேன் என்றால், ஷிப்டு முடிந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நிற்கிற ஆட்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்த பெண்கள் சோறு குழைந்தாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள். இதையெல்லாம் என் பெருமைக்காகச் சொல்லவில்லை. நாடகத்தின் பெருமைக்காகச் சொல்கிறேன்.

மகுடவர்மனாக நடித்தவர் பாக்கியநாதன். இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். நல்ல பருமன், நல்ல குரல், அதைவிட நல்ல மனசு. எங்கே நாடகம் என்றாலும் அவர் மனைவி ஹெலன் கட்டிக்கொடுக்கும் நாஷ்டாவில் எனக்கும் ஒரு பங்கு இருக்கும். தணி என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்குள் முன்விரோதம் ஏதாவது உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். கிடையாது. அவரைவிட எனக்கு நெருக்கமானவர் அந்த மன்றத்தில் ஒருவரும் இல்லை. அவர் தலையை நான் எத்தனை முறை மடியில் வைத்திருக்கிறேன் ஐயா. அந்தத் தலையின் கனம் என் தொடைக்குத் தெரியும்.

கெட்டது எப்போது என்றால், ஆந்திர எல்லையோரத்தில் எளாவூருக்கு உள்ளே ஒரு காலனியில் நாடகம் போட்டபோது. முன்பு எல்லோரும் வயல்வேலைக்குப் போனவர்கள், இப்போது ஆளுக்கொரு கம்பெனி. அந்தக் காலனியில் செண்பகம் என்று ஒரு பெண். புருஷன் ஒரு ஆலையில் உலை வாயில் விழுந்து செத்துப்போய் அப்போது வருஷம்கூடத் திரும்பவில்லை. பாக்கியநாதன் நஞ்சுக் கிண்ணத்தைக் கையில் வாங்கி, ‘கீழ்ப்பேட்டை மக்களே, உங்கள் கடனை இதோ தீர்க்கிறேன்’ என்று தூக்கிப் பிடித்தார். அப்போது அந்தப் பெண் விறுவிறுவென்று மேடையேறி வந்து, கிண்ணத்தைப் பிடுங்கி, உள்ளே இருந்த கடுங்காப்பியைத் தரையில் கொட்டினாள். இடுப்பில் செருகியிருந்த சோடா பாட்டிலை உடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

“எங்க காலனில செத்தது போதும்யா. நீ இத குடிச்சிட்டு ஊட்டுக்குப் போ,” என்றாள்.

மேடையில் ஒருவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாக்கியநாதன் அவளைப் பார்த்தார், சோடாவைப் பார்த்தார். மடமடவென்று குடித்தார். ராஜ உடையில் நின்று ஒரு பெரிய ஏப்பம் விட்டார். பிறகு தானாக ஒரு வசனத்தை எடுத்துவிட்டார்: ‘மக்கள் மன்னித்தனர், மன்னன் பிழைத்தான்.’ காலனியே எழுந்து நின்று விசில் அடித்தது. நான் ஒப்பாரிக்காக மூச்சை இழுத்து நெஞ்சில் நிறுத்தி வைத்திருந்தேன். அந்த மூச்சை என்ன செய்வது என்று தெரியவில்லை. மெதுவாக விட்டேன்.

ஒரு ஊரோடு போயிருந்தால் சகித்துக்கொண்டிருக்கலாம். யாரோ அதைச் செல்போனில் பிடித்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு போன ஊரெல்லாம் ராஜாவைக் காப்பாற்றப் போட்டி. சோழவரம் ஏரிப் பக்கம் நெல் விளைவிக்கிற ஊரில் ஒரு பெரிய குடும்பம், பரம்பரையாக அவர்கள்தான் அங்கே எதையும் முதலில் செய்கிறவர்களாம், வெள்ளிச் சொம்பில் நீர்மோர் கொண்டுவந்தார்கள். இன்னொரு ஊரில் இளநீர். மாதா கோயில் தெருவில் கேக். ஒரு இடத்தில் ராஜா வெறும் வயிற்றோடு பிழைக்கக் கூடாது என்று இலை போட்டு பிரியாணியே வைத்துவிட்டார்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் ஈட்டியோடு பக்கத்தில் நின்றேன். எலும்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தணி, நீ சாப்ட்டியா என்று மைக்கிலேயே கேட்டார். மெய்க்காவலனுக்குத்தான் பேச்சு கிடையாதே. தலையை மட்டும் ஆட்டினேன்.

நோட்டீசில் மகுடவர்மன் என்ற பெயர் சின்னதாகப் போய், ‘சோடா ராஜா’ என்று பெரிய எழுத்தில் வந்தது. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஏதோ சில ஊர். இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு அடிதடி. வாத்தியாரிடம் போய், ஒப்பாரியை என்ன செய்வது என்று கேட்டேன்.

“நீ ஈட்டியப் புடிச்சிகினு நின்னா போதும்பா. நிக்கறதுலயே ஒரு களை கீது ஒங்கிட்ட,” என்றார் முனுசாமி.

ஐயா, என் நியாயத்தையும் கேளுங்கள். மதகைத் திறந்தது யார்? ராஜா. செத்தது யார்? கீழ்ப்பேட்டைக்காரர்கள். அசதியில் கையை அசைத்தவன் சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போவதென்றால் செத்தவர்களுக்கு என்ன பதில்? நம் பக்கத்தில் எத்தனையோ ஆலைகளில் எத்தனையோ பேர் சாகிறார்கள். ஒருவனாவது பொறுப்பேற்று ஒரு வேளைச் சோற்றைத் தள்ளி வைத்திருக்கிறானா? ஊரில் ஒரு ராஜாவாவது, அதுவும் நாடகத்திலாவது, தப்புக்குச் சாகட்டும் என்று நினைப்பது பாவமா? இதை யோசித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. செண்பகத்தை ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் பார்த்து இதை அப்படியே எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அந்தாளு ராஜா இல்லணா, கிரேன் ஓட்ற பாக்கியம். அவரு ஏன் சாவணும்?” என்றாள்.

படிக்காத பெண், நாடகம் என்றால் என்னவென்று தெரியவில்லை என்று விட்டுவிட்டேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நான் எல்லா வழியையும் பார்த்தவன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எடுத்த எடுப்பில் யாரும் இப்படிச் செய்துவிடுவதில்லை. பாட்டு தொண்டையிலேயே கிடந்தால் கெட்டுப்போகும் என்று முதலில் வீட்டில் பாடிப் பார்த்தேன். என் மனைவி திலகவதியை ராஜா மாதிரிக் கொஞ்சம் படு என்றேன். படுத்தாள். இரண்டாவது அடிக்குள் குறட்டை வந்துவிட்டது. அடுத்த நாள் செல்போனை நோண்டிக்கொண்டே படுத்திருந்தாள். பிணம் செல்போன் நோண்டினால் எப்படி உருகுவது? பிறகு கம்பெனி ஸ்டோருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அமில கேன்களுக்கு முன்னால் பாடினேன். எதிரொலி நன்றாக இருந்தது. சூபர்வைசர் வந்து, வீட்டில் ஏதாவது துக்கமா என்று கேட்டு லீவு கொடுத்து அனுப்பிவிட்டார். சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் போனேன். தெரியாத வீடுகளுக்கும் போனேன். பாடவும் விட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டில் மதகு வருகிறது, மகுடம் வருகிறது, செங்கோல் வருகிறது. செத்தவர் பால்காரராக இருந்தால் பொருந்தவில்லை. அங்கங்கே மாற்றிப் பாடினால் எனக்கே பிடிக்கவில்லை.

கடைசியில் என் முகவாட்டத்தைக் கண்டுபிடித்தவர் பாக்கியநாதன்தான்.

“இன்னா தணி, மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற? உன் பாட்டுதான பேஜாரு? நான் சோடா குடிக்கறதுக்கு முன்னாடி சும்மா மயக்கம் போட்டு வுயறேன். நீ பாடிக்க. அப்பால எய்ந்து குடிச்சிக்கறேன்,” என்றார்.

நல்ல மனசு என்று சொன்னேன் அல்லவா. வாத்தியாரிடம் சண்டை போட்டு அவரே சம்மதம் வாங்கினார். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் அப்படியே செய்தோம். அவர் விழுந்தார். நான் ஈட்டியைப் போட்டேன். தலையை மடியில் எடுத்தேன். ‘மதகு திறந்த மன்னவரே, மண்ணுக்குள்ளே போறீரோ’ என்று எடுத்தேன். எத்தனை நாள் பட்டினி கிடந்த குரல் அது. சபை அடங்கிவிட்டது. ஒரு கிழவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். இரண்டாவது அடி, மூன்றாவது அடி. நான்காவது அடியில் நான் மேல் ஸ்தாயிக்குப் போய் நிற்கும்போது, பாக்கியநாதன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “முடிஞ்சிதா?” என்று கேட்டார்.

என் காதில் மட்டும் கேட்கட்டும் என்று மெதுவாகத்தான் கேட்டார். பாவம், முதுகு வலித்திருக்கும். ஆனால் மைக் அவர் மார்புக்கு நேராக இருந்தது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. துண்டை வாயில் வைத்திருந்த கிழவருக்குப் புரை ஏறிவிட்டது. மேடை இறங்கியதும் பாக்கியநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நான் பரவாயில்லை என்றேன். எனக்குக் கோபமே வரவில்லை.

அடுத்த ஊரில் நாடகம் ஆரம்பிக்கும் முன்பே, அந்த ஒப்பாரிக் காமெடி இருக்கிறதுதானே என்று கேட்டுத்தான் பந்தல் போட்டார்கள். வாத்தியார் அதை அப்படியே வைத்துக்கொண்டார். எந்த அடியில் கண் திறக்க வேண்டும் என்பதற்குத் தபேலாவில் ஒரு தட்டு வைத்தார். ராஜா கண்ணைத் திறப்பார், நான் மூட வேண்டும், மறுபடியும் திறப்பார். மடியில் இருந்தபடியே என் விலாவில் கிச்சுக்கிச்சு மூட்டுவதாகவும் பிறகு சேர்த்தார்கள். பிள்ளைகள் தெருவில் என்னைப் பார்த்தால் ஒரு கண்ணைத் திறந்து காட்டிவிட்டு ஓடின. எப்போதும் ஞாபகத்தில் நிற்காத மெய்க்காவலனை அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பெரியவர்கள் கொடுத்துவிட்டுப் போன நாடகம் சந்தி சிரிப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மறுபடியும் சொல்கிறேன், நாடகத்துக்காகத்தான்.

இந்த நேரத்தில்தான் செண்பகத்தின் காலனியிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. சோடா ராஜா பிறந்த இடம் என்று பேனர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம், ஷாமியானா பந்தல். கவரைப்பேட்டைப் பெட்டிக்கடையில் நான் வாங்கி வந்த சோடாவைச் செண்பகம்தான் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குப் புதுப் புடவை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஹெலன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் சேர்த்து இட்லி கொண்டுவந்திருந்தாள். இட்லி நன்றாக இருந்தது, பூண்டுப் பொடி போட்டிருந்தாள்.

நஞ்சுக் கிண்ணத்தைத் தட்டில் வைத்து ராஜாவிடம் நீட்டுவது எப்போதுமே மெய்க்காவலனின் வேலை. சோடா வந்த பிறகு, ஏறி இறங்குகிற நேரம் மிச்சமாகட்டும் என்று அதையும் ஒரு வெள்ளி டம்ளரில் ஊற்றி அதே தட்டில் வைக்க ஆரம்பித்திருந்தோம். இடப்பக்கம் சாவு, வலப்பக்கம் உயிர். இரண்டையும் சுமந்துகொண்டு நிற்பது நான்.

எங்கள் கம்பெனி ஸ்டோரில் ஒரு வெள்ளை உப்பு இருக்கிறது. தனிப் பூட்டு, தனி அலமாரி. முலாம் பூசுகிறவர்களுக்குத் தெரியும். சாவி என் இடுப்பில்தான் இருக்கும். பேரை நான் சொல்லாவிட்டாலும் நீங்கள் கம்பெனியில் கேட்டுக்கொள்ளலாம். கணக்கில் குறைவது நான் எடுத்ததுதான், முதலாளி மேல் தப்பில்லை.

நஞ்சுக் கிண்ணத்தில்தான் போடுவது முறை, முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதை யாரும் குடிப்பதில்லையே. செண்பகம் வாங்கித் தரையில் கொட்டிவிடுவாள். குடிக்கிறது எதுவோ அதில்தான் போட வேண்டியிருந்தது. அதனால் வலப்பக்க டம்ளர். இது என் குற்றமில்லை, நாடகத்தை மாற்றியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

செண்பகம் மேடையேறினாள். கடுங்காப்பியைக் கொட்டினாள். கைதட்டல். டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து, பிள்ளைக்குப் பால் கொடுப்பது போல அவர் வாயருகே கொண்டுபோனாள். ஒப்பாரிக் காமெடிக்காக ராஜா முதலில் பாதி குடித்து மயக்கம் போட வேண்டும், பிறகு எழுந்து மீதியைக் குடிக்க வேண்டும் என்பது வாத்தியாரின் புது ஏற்பாடு. பாக்கியநாதன் தாகத்தில் இருந்தாரோ என்னவோ, முழுவதையும் குடித்துவிட்டார். ஏப்பம் விட முயன்றார். அது வரவில்லை.

அவர் விழுந்த விதம் எனக்குத் திருப்தியில்லை ஐயா. இத்தனை வருஷம் விழுந்தவர், சபைக்கு முதுகைக் காட்டி விழுந்தார். வேறு யாராக இருந்தாலும் வாத்தியார் பிரம்பால் அடித்திருப்பார். நான் ஈட்டியைப் போட்டுவிட்டு அவரைத் திருப்பி, தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். பாட ஆரம்பித்தேன்.

சபை முதல் அடியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டது. அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கிச்சுக்கிச்சுவில் அதுவும் சேர்த்தி என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. பிள்ளைகள் மேடைக்கு அருகே வந்துவிட்டன. இரண்டாவது அடியில் அவர் ஒரு கண்ணைத் திறந்தார். தபேலாக்காரன் அவசரமாக ஒரு தட்டுத் தட்டினான். பாக்கியநாதன் என்னைப் பார்த்து, “தணி, ஹெலனக் கூப்புடு,” என்றார். மைக்கில் தெளிவாகக் கேட்டது. பந்தலே அதிர்ந்தது. முதல் வரிசையில் ஹெலன் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

நான் நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தினால் அந்தப் பாட்டுக்கு மரியாதை இல்லை. மூன்றாவது அடியில் மடியில் இருந்த அவர் தலை கனத்தது. அந்தக் கனம் எனக்குப் புதிது. நாலாவது அடியை நான் அன்றைக்குப் பாடிய மாதிரி இதுவரை பாடியதில்லை, எனக்கே தெரிந்தது. ஒரு முகம்கூட அழவில்லை. கிழவர்கள், பெண்கள், ஷிப்டு முடித்து வந்தவர்கள், எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சிரிப்பை நிறுத்தியது ஹெலன்தான். அவள் எழுந்து நின்றாள். மேடையை நோக்கி வந்தாள். அதைப் பார்த்து மைக்செட் லோகுவுக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும், மைக்கை அணைத்துவிட்டான். ஒப்பாரியில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

பக்கத்திலிருந்த டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்றார். பருமனான உடம்பு, பிரியாணி வேறு, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மகுடவர்மன் மாரடைப்பில் செத்தான் என்றால் நாடகம் என்ன ஆவது? ஆனாலும் அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. அடக்கம் இருக்கிறதே, அங்கே பாடிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். பாக்கியநாதன் வேதக்காரர் என்பது எனக்குத் தெரியாதா? அவர் வீட்டுக் கேக்கை எத்தனை கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் மகுடமும் செங்கோலுமாகவே பார்த்துப் பழகிவிட்டதால் அது புத்தியில் உறைக்கவில்லை. பெட்டியில் வைத்துவிட்டார்கள். மடியில் வைக்கத் தலை கிடைக்கவில்லை. அவர்கள் சபையில் ஒப்பாரி வைக்கக் கூடாதாம். கீபோர்டு வைத்து, பரலோகம் போகிறேன் என்கிற மாதிரி சந்தோஷமாகப் பாடினார்கள். நான் எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன். பாஸ்டர் எட்வர்ட் வந்து என் தோளில் கையை வைத்தார். “பிரதர், உக்காருங்க. அவர் கர்த்தர்கிட்ட போயிட்டார். நாம அழக் கூடாது,” என்றார். உட்கார்ந்துவிட்டேன். ஹெலன் என்னைப் பார்த்து, அண்ணா நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது நானாகவே வந்து ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். செண்பகத்துக்காக என்று எழுதிக்கொள்ளுங்கள். காலனியில் அவளைப் பேசுகிறார்களாம். புருஷனையும் தின்றாள், ராஜாவையும் தின்றாள், ராசியில்லாத கை என்று. அவள் கையால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட யாரும் வாங்கிக் குடிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். அவளும் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன், அந்தக் கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். அது சரியில்லை. அவள் கொடுத்தது உயிர் என்று நினைத்துத்தான் கொடுத்தாள். போட்டது நான். தணிகாசலம் ஆகிய நான், முழு நினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், என் சிநேகிதர் பாக்கியநாதனைக் கொன்றேன். இதை அவளிடம் ஒரு ஆளை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் நம்பவில்லை, தெரிகிறது. டாக்டர் சொன்னது வேறு, நான் சொல்வது வேறு. சரி, தோண்டி எடுத்துப் பாருங்கள். அந்த உப்பு இருக்கிறதா இல்லையா என்று பரிசோதனையில் தெரிந்துவிடும். இதைப் பற்றி ஒரு வக்கீலிடம் பொதுவாகக் கேட்டு வைத்திருக்கிறேன். தாசில்தார் வர வேண்டுமாம், போலீஸ் வர வேண்டுமாம், டாக்டர் வருவாராம். இடத்தை அடையாளம் காட்டக் குற்றவாளியைக்கூட அழைத்துப் போவது உண்டாம். பாஸ்டருக்கு அங்கே எந்த அதிகாரமும் கிடையாதாம், அதைத் தெளிவாகவே கேட்டுவிட்டேன். ஊர் முழுக்க வேடிக்கை பார்க்க வரும். காலனிக்காரர்களும் வருவார்கள். சிரிக்க மாட்டார்கள், அந்த இடத்தில் யாருக்குச் சிரிப்பு வரும்?

ஒரே ஒரு விண்ணப்பம் ஐயா. என்னை அழைத்துப் போகும்போது விலங்கை மட்டும் கொஞ்ச நேரம் கழற்றிவிடச் சொல்லுங்கள், தலையை எடுத்து மடியில் வைக்க இரண்டு கையும் வேண்டும். முனுசாமி வாத்தியார் ஆர்மோனியத்தோடு வருவாரா என்பது சந்தேகம், வராவிட்டாலும் சமாளித்துக்கொள்வேன். விட்ட அடியிலிருந்து ஆரம்பித்தால் ஜனங்களுக்குக் கதை புரியாது. முதலிலிருந்தே பாடிவிடுகிறேன். இந்தத் தடவை அவர் கண்ணைத் திறக்க மாட்டார்.